விறகுக் குவியலில் ஒரு ஸ்டூல்

மார்ச் 4, திங்கள்

பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, குடியிருப்போர் சங்கத் தலைவர் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு படிவம். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிக் கீழே முற்றத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டுவோமே, அதற்கு இந்த வருஷம் தீயணைப்பு நிலையத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டுமாம். படிவத்தில் ஏழாவது கட்டம்: "நிகழ்ச்சியின் சமய, பருவகால முக்கியத்துவம். ஒரு பக்கத்துக்கு மிகாமல்."

"நீங்கதான் டீச்சராச்சே," என்றார்.

நான் தாவரவியல் டீச்சர். தலைவருக்கு டீச்சர் என்றால் டீச்சர்தான். போன மாதம் லிஃப்ட் நின்றபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"சாமி கதையெல்லாம் எனக்கு வராது சார்."

"பருவகாலம் வருமில்ல? அதுல ஆரம்பிங்க. மீதி தானா வரும்."

எதுவும் தானாக வராது. முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

மார்ச் 5, செவ்வாய்

அந்தப் படிவத்தைக் கையில் வாங்கியிருக்கவே கூடாது.

மார்ச் 7, வியாழன்

மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். ஒன்பது வாக்கியம். இரவும் பகலும் சமமாகும் நாள் நெருங்குகிறது, பனி விலகுகிறது, மரங்கள் முற்றிய இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கத் தயாராகின்றன, உதிர்ந்ததையும் உலர்ந்ததையும் கூட்டி எரித்துப் புதுப் பருவத்துக்கு இடம் செய்வதே இவ்விழா. பரீட்சைத் தாளில் வந்தால் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அப்போது ஸ்டூலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டினார். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒன்பது அங்குல ஸ்டூலில் காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். மகள் சொல்லிக் கொடுத்த பயிற்சி. அவள் பிசியோதெரபிஸ்ட்.

"ஏழு... நல்லாத்தான் இருக்கு. எட்டு... ஆனா குப்பை எரிக்க அனுமதி கேக்கற மாதிரி இருக்கு."

ஒன்பதும் பத்தும் எண்ணும்வரை நான் அங்கே நிற்கவில்லை.

அந்த ஸ்டூலைச் செய்தவனைப் பற்றி இந்த நோட்டில் எழுதக் கூடாது என்று நாலு மாதமாக வைராக்கியமாக இருக்கிறேன். எழுதினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? ஒரு தச்சன். மகளின் கிளினிக்கில் நோயாளிகள் பிடித்து நடக்க மரக் கைப்பிடி போட வந்தவன். செப்டம்பரில் ஒரு நாள் வீட்டுக்கும் வந்தான். தரையில் உட்கார்ந்து இவருடைய குதிகாலிலிருந்து முழங்கால்வரை அளந்தான். "சாருக்கு எட்டு பத்தாது, பத்து அதிகம்" என்று ஒன்பது அங்குலத்தில் செய்து கொண்டுவந்தான். நன்றாகத்தான் செய்திருந்தான். அதோடு சமையலறை அலமாரிக்கும் அளவெடுக்கச் சொன்னேன். நவம்பரில் அலமாரி முடிவதற்குள் அவனும் மகளும் சேர்ந்து வந்து எதிரில் உட்கார்ந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்கிறார்கள்.

"அலமாரி செய்ய வந்தவர் அலமாரியோட நிறுத்திக்கணும்."

நான்தான் சொன்னேன். அவன் பாதி குடித்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்கம்மா" என்று எழுந்து போனான். மறுநாள் காலையில் இவள் இரண்டு பையோடு கிளம்பிவிட்டாள். கிளினிக்குக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறாள். அப்பாவோடு மட்டும் போனில் பேசுகிறாள். போதும். இன்றைக்கு இவ்வளவு எழுதியதே அதிகம்.

மார்ச் 9, சனி

சங்கக் கூட்டம். என் ஒன்பது வாக்கியத்தை நார் நாராகக் கிழித்தார்கள்.

தலைவருக்குப் பிரகலாதன் வேண்டும். "ஹோலிகான்னு ஒரு அத்தைக்காரி, பிள்ளையை மடியில வச்சுட்டுத் தீயில உக்காந்தா. அவ எரிஞ்சுட்டா, பக்தி பண்ண பிள்ளை பொழச்சான். தீ அதுக்குத்தானே டீச்சர்?" கீழ்வீட்டுப் பாட்டு டீச்சருக்குக் கண்ணன் வேண்டும். "தான் கறுப்புன்னு அழுதான். ராதை முகத்துல நீயே ஒரு கலரைப் பூசிடேன்னு அவன் அம்மா சொன்னா. மறுநாள் வண்ணப்பொடி அதுக்குத்தான்." எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு இரண்டும் வேண்டாம். "தீயோட வெப்பத்துல கிருமியெல்லாம் செத்துடும்னு போடுங்க. அறிவியல்பூர்வமா இருக்கும்."

"எந்தக் கிருமி டாக்டர்? எத்தனை டிகிரியில?"

பல்லைப் பற்றிப் பேச வேண்டியவர் பல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

இவ்வளவு நேரம் பின்வரிசையில் தூங்குகிற மாதிரி இருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "காமனை விட்டுட்டீங்களே. எங்க பக்கமெல்லாம் அந்தத் தீ காமனை எரிச்சதுக்குத்தான்."

தலைவர் பதறிவிட்டார். "குழந்தைங்க முன்னாடி வாசிக்கற பேப்பர் சார். காமன் எதுக்கு?"

"மன்மதன்னு போட்டுக்கோங்க," என்றார் இவர் சாவகாசமாக.

வீட்டுக்கு வந்து கேட்டேன், இத்தனை பேர் குழப்பியது போதாதா, நீங்கள் வேறா என்று. சிரிக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் நெற்றிக்கண். அதனால்தான் அந்தக் கதையை இழுத்தார் என்று எனக்குத் தெரியாதாக்கும்.

மார்ச் 10, ஞாயிறு



காலையில் இவர் மகளோடு போனில் பேசிவிட்டு வந்து சொன்னார். ஏப்ரல் பன்னிரண்டு, பதிவு அலுவலகம், பத்தரை மணி. "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. வர்றதா இருந்தா முன்வரிசையில ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன். இல்லேன்னா போடல." இதுதான் செய்தி. பெற்றவளுக்கு அழைப்பு வைக்கிற லட்சணம் இது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அந்தத் தச்சன்..."

"நானும் பஸ்தானே ஓட்டினேன்," என்றார்.

அது வேறு. எப்படி வேறு என்று யாரும் கேட்க வேண்டாம். என் நோட்டு இது, அது வேறுதான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அந்த ஸ்டூல் கண்ணில் பட்டது. தூக்கினேன், நாலு மாடி இறங்கினேன். முற்றத்தில் விறகு சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்; தலைவர் வீட்டு உடைந்த கட்டில், டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரி, காய்ந்த கிளைகள். அதற்கு நடுவே செருகிவிட்டு வந்தேன். எரியட்டும்! எல்லாம் எரிஞ்சு ஒழியட்டும்னுதான் போட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். அவர் கத்தினால் நானும் நாலு கத்துக் கத்தி அத்தோடு முடிந்திருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

கேட்கவில்லை. காலையில் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கீழே போகிறார், கால் மணியில் வருகிறார். ஸ்டூல் இருந்த இடத்தில் தரையில் நாலு புள்ளி தெரிகிறது. இரண்டு தடவை துடைத்தேன். போகவில்லை.

மார்ச் 14, வியாழன்

பங்குனி பிறந்துவிட்டது. இரண்டாவது வரைவு. எல்லோர் வாயையும் அடைக்க எல்லாக் கதையையும் போட்டேன். பிரகலாதன் இரண்டு வரி, கண்ணன் இரண்டு வரி, பௌர்ணமியும் உத்திர நட்சத்திரமும் சேரும் நாளில் தெய்வங்களுக்குத் திருமணம் நடந்ததாக ஒரு வரி. மன்மதனையும் போட்டேன். கரும்பு வில், வண்டு நாண், ஐந்து மலர் அம்பு. தாமரை, மா, அசோகு, முல்லை, நீலோற்பலம்.

இந்த ஐந்தும் ஒரே மாதத்தில் பூக்காது. யாரிடம் சொல்ல?

இன்னொரு சங்கடம். ஆறு பருவங்களின் கணக்கில் பங்குனி பின்பனியில் வருகிறது. இளவேனில் சித்திரையில்தான் ஆரம்பம். அப்படியென்றால் இதை வசந்த விழா என்பதே தப்பு. வசந்தம் வருவதற்கு முன்னாலேயே வசந்தத்துக்கு விழா எடுக்கிறோம். இதை இவரிடம் சொன்னேன்.

"விருந்தாளி வர்றதுக்கு முன்னாடிதானே வாசல் பெருக்குவாங்க," என்றார்.

அவரோடு பேசக் கூடாது என்று இருந்தேன். மறந்துவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

துணி காயப்போடப் பால்கனிக்குப் போனவள் கீழே எட்டிப் பார்த்தேன்.

முற்றத்தில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து, ஸ்டூலைப் பத்திரமாக உருவி எடுத்தார். தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார். பத்து. பிறகு ஸ்டூலை எடுத்த இடத்திலேயே, நான் எப்படிச் செருகியிருந்தேனோ அப்படியே திரும்பச் செருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தார்.

ஒரு வாரமாகக் காலாற நடந்த லட்சணம் இதுதானா!

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். புடவை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

மார்ச் 18, திங்கள்

இன்றும். பத்து. பால்கனியிலிருந்து நானும் கூடவே எண்ணினேன். எட்டாவதில் கொஞ்சம் தடுமாறினார். எனக்கு உயிர் போய் வந்தது.

காலைச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். "மேலேயே கொண்டுவந்து செய்ய வேண்டியதுதானே?"

"நீ கொண்டுபோய் வச்சது. நான் எப்படி எடுக்கறது?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பேருந்தில் யாரோ துண்டு போட்டு வைத்த இடத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 20, புதன்

தீயணைப்பு நிலையத்திலிருந்து படிவம் திரும்பி வந்துவிட்டது. ஏழாவது கட்டத்துக்குப் பக்கத்தில் அதிகாரி பேனாவால் எழுதியிருக்கிறார்: "கதைகள் நான்கு உள்ளன. தீ எதற்கு என்பது தெளிவாக இல்லை. ஒன்றைக் குறிப்பிடவும்."

இந்தக் கட்டடத்துக்கு வெளியேதான் மூளையுள்ள ஆள் இருக்கிறார்.

மார்ச் 21, வியாழன்

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எதை?

தீ எதற்கு என்று நேராகச் சொல்லும் கதைகள் இரண்டு. பிரகலாதன் கதையில் கெட்டவள் எரிந்தாள், அதோடு முடிந்தது. காமன் கதையில் எரிந்தவன் கெட்டவன் இல்லை. தேவர்கள் அனுப்பித்தான் வந்தான். சிவன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், பார்வதி காத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு பேரையும் சேர்த்து வைக்க வேண்டும். அதற்காகத் தன் நண்பன் வசந்தனையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு பூவை எறிந்தான். அதற்கு நெற்றிக்கண்ணைத் திறந்து சாம்பலாக்கிவிட்டார். அவன் மனைவி ரதி வந்து அழுதாள். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. உயிரைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. எரித்த மனிதர் கடைசியில் பார்வதியைத்தான் கட்டிக்கொண்டார். வந்தவன் எதற்கு வந்தானோ அதேதான் நடந்தது. இதற்கு அவனை எரித்திருக்கவே வேண்டாமே!

இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

என் கல்யாணத்திலும் முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. யாராவது உட்காரப் போனால் இவருடைய நண்பர்கள், "அது ஆள் வருது" என்று எழுப்பிவிட்டார்கள். முடியும்வரை ஆள் வரவில்லை. போட்டோவில் இன்றைக்கும் அந்த இரண்டு காலி நாற்காலி இருக்கிறது. "பஸ் ஓட்டறவன் பஸ்ஸோட போகட்டும்" என்று அப்பா சொன்னதாக அண்ணன் வந்து சொன்னான்.

பஸ் ஓட்டறவன் பஸ்ஸோட. அலமாரி செய்ய வந்தவர் அலமாரியோட.

ஐயோ. வார்த்தைக்கு வார்த்தை.

மார்ச் 22, வெள்ளி

மூன்றாவது வரைவைக் கொடுத்தேன். அரைப் பக்கம்தான். தலைவர் படித்துவிட்டு, "மன்மதன் மட்டும்தானா?" என்றார். அவரையே பார்த்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாலையில் அனுமதி வந்துவிட்டது.

மார்ச் 23, சனி

ஸ்டூலை எடுத்துவரக் கீழே போனேன். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் போனேன். கையை வைத்ததும் பாட்டு டீச்சர் ஜன்னலிலிருந்து, "டீச்சர்! தீக்குன்னு வச்சதைத் திரும்ப எடுக்கக் கூடாது. வீட்டுக்கு ஆகாது!"

சத்தம் கேட்டுத் தலைவரும் வந்தார். "எங்க வீட்டுக் கட்டில்கூட அதுலதான் இருக்கு. இப்ப யோசிச்சா எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆளாளுக்கு எடுத்தா நாளைக்கு எதை எரிக்கறது?"

"அதை நான் தெரியாம வச்சுட்டேன் சார்."

"தெரியாமயா? நாலு மாடி தூக்கிட்டு வந்தீங்களே, நான் பார்த்தேனே."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விதி சொல்லியே பழகிவிட்டேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். என் வாயும் சில சமயம் என்னைக் கைவிடும் போலிருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி. முற்றத்தில் எல்லோரும் கூடியாகிவிட்டது. தீயணைப்பு நிலைய அதிகாரியும் மணல் வாளிகளோடு வந்திருந்தார். தீ மூட்டும் முன், வந்திருப்பவர்களுக்கு ஏழாவது கட்டத்தை வாசித்துக் காட்டச் சொன்னார் தலைவர்.

வாசித்தேன். "பனிக்காலத்தின் கடைசி மாதத்தில், வசந்தம் வருமுன் நாங்கள் தீ மூட்டுகிறோம். நல்லதற்காக வந்த ஒருவனைக் கோபத்தில் எரித்ததை நினைத்து மூட்டுகிறோம். எரித்தவரே பிறகு மனமிரங்கி அவனைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் வண்ணம் பூசிக்கொள்வது அவன் திரும்பி வந்ததற்காக. மரமும் இதையே செய்கிறது; காய்ந்தது என்று நாம் கைவிட்ட கிளையில்தான் துளிர்க்கிறது."

பேப்பரை மடித்தேன். பாட்டு டீச்சரைப் பார்த்தேன்.

"சிவனே தீக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கியிருக்கார். நான் ஒரு ஸ்டூலை எடுத்தா வீட்டுக்கு ஆகாதா?"

யாரும் வாயைத் திறக்குமுன் ஸ்டூலைப் பிடித்து இழுத்தேன். அது வந்தது. கூடவே டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரியும் வந்தது, அதன்மேல் கட்டிலும் சாய்ந்தது, மொத்தக் குவியலும் ஒரு பக்கமாகச் சரிந்தது. குழந்தைகள் கைதட்டின. அதிகாரி மட்டும், "அம்மா, இதை நேத்தே எடுத்திருக்கலாமே" என்றார். நேத்தே எடுக்க வந்தவளை விட்டால்தானே! மறுபடி அடுக்கி மூட்ட ஏழு மணியாகிவிட்டது.

"குடு, நான் தூக்கறேன்," என்று இவர் வந்தார்.

"முழங்காலை வச்சுக்கிட்டு ஒண்ணும் தூக்க வேண்டாம்."

லிஃப்டில் அவர் ஸ்டூலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 25, திங்கள்

உத்திரம். ஊரில் உள்ள தெய்வத்துக்கெல்லாம் இன்று கல்யாணம். என் கைப்பைக்குள் யாரோ வண்ணப்பொடியைக் கொட்டியிருக்கிறார்கள், திருத்த வேண்டிய விடைத்தாள் பூராவும் பச்சை. பாட்டு டீச்சர்தான். நன்றாகத் தெரியும்.

மார்ச் 27, புதன்

அவர் மருந்துக் கடைக்குப் போனதும் மேசை இழுப்பறையிலிருந்து சின்ன திருப்புளியை எடுத்தேன். ஸ்டூலைக் கவிழ்த்து, சுவர்ப்பக்கத்துக் காலின் திருகாணியை மூன்று சுற்றுத் தளர்த்தினேன். நிமிர்த்திப் பார்த்தேன். ஆடியது. பிறகு போனை எடுத்தேன்.

"ஸ்டூல் ஆடுது."

"...அம்மாவா?"

"செஞ்சவரை வந்து பாக்கச் சொல்லு."

"அப்பா விழுந்துட்டாரா?"

"விழல. விழறதுக்கு முன்னாடி வரச் சொல்லு. நீயும் கூட வா."

"அவருக்கு வழி தெரியும்மா."

"தெரிஞ்சாலும் வா."

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 28, வியாழன்

ஏப்ரல் பன்னிரண்டுக்கு விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல். ஒரு பக்கத்துக்கு மிகவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார்கள். மகள் இளைத்திருக்கிறாள். வந்ததும் அப்பாவின் முழங்காலைத்தான் பிடித்துப் பார்த்தாள், என்னைப் பிறகுதான். பார்த்தாள், அது போதும். "பன்னெண்டாம் தேதி அப்பாவுக்குக் கை வச்ச நாற்காலியாப் போடச் சொல்லு. எழுந்திருக்கப் பிடிமானம் வேணும்" என்றேன். "உனக்கு?" என்றாள். "எனக்கு எதுவானாலும் சரி." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய், முடியாமல் கிடக்கும் அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஸ்டூல் செய்தவர் டீயை முழுசாகக் குடித்தார். டம்ளரை என் கையில் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து ஸ்டூலைக் கவிழ்த்து ஒவ்வொரு காலாகப் பிடித்து அசைத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு கால்னா சரி, பாரத்துல இளகியிருக்கும்னு வச்சுக்கலாம். இது எதிரெதிரா ரெண்டு கால் ஆடுது. ரெண்டுலயும் ஸ்க்ரூ மூணு மூணு சுத்து வெளிய வந்திருக்கு. தானா இப்படிக் கழறாதும்மா."

நான் தளர்த்தியது ஒரு காலைத்தான்.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நேற்றைய பேப்பரை வெகு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.